நூலின் மறுமுனை

ஜனவரி 21, செவ்வாய்

அறுவை அரங்கில் இன்று நான்கு பேர். முதலாமவர் ஒப்பந்தக்காரர் ஒருவரின் மனைவி, பித்தப்பைக் கல். அடுத்த இருவருக்கும் குடலிறக்கம். நான்காமவர் பட்டியலில் இல்லாதவர். நண்பகலுக்குச் சற்று முன் பிரசவ வார்டிலிருந்து ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தைக்கு முன்பாகத் தொப்புள்கொடி நழுவி வெளியே வந்திருந்தது. அந்நிலையில் முதுகில் ஊசியிட்டு மரத்துப்போகச் செய்ய அவகாசம் கிடையாது. முழு மயக்கமே வழி. அதைக் கொடுப்பது என் பணி.

நோயாளியின் பெயர் கஸ்தூரி. வயது இருபத்திரண்டு. நரிக்குறவர் வகுப்பு, மேட்டுக் காலனி. கணவர் பெயர் என்னும் இடத்தில் 'கலெக்டர்' என்று எழுதியிருந்தது. பிற்பாடு எழுத்தரை அழைத்து, அரசு ஆவணத்தில் விளையாடுவது தகாது என்று கண்டித்தேன். விளையாட்டில்லை, அந்த மனிதரின் பெயரே அதுதானாம்.

கழுத்து நிறையப் பாசிமணி. மூச்சுக்குழாயினுள் குழாயைச் செலுத்துகையில் ஒருவர் நோயாளியின் தொண்டையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குக் கழுத்து வெறுமையாக இருப்பது அவசியம். அரங்கின் வாசலில் தொங்கும் பலகையில் ஏழாவது விதி இதுவே: 'நோயாளியின் உடலில் எவ்வகை ஆபரணமும் இருத்தல் கூடாது.' அப்பலகையின் வாசகத்தை அமைத்தவன் நான். சிவப்பும் மஞ்சளுமான சரங்களைச் செவிலியர் பிலோமினா தலைவழியாகக் கழற்றிவிட்டார். கருமணிச் சரம் ஒன்று மட்டும் கழுத்தோடு ஒட்டியிருந்தது, தலைவழியே வரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். மணிகள் தரையில் சிதறின. நோயாளி ஏதோ முனகினார். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி, எனக்குப் புரியாது.

ஆண் குழந்தை. எடுத்ததும் அழுதது. யாவும் முறைப்படி நடந்தன.

மாலையில் வசுமதி கீரை ஆய்ந்துகொண்டே, "என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். வழக்கமான முகம்தான்.

ஜனவரி 22, புதன்

பிலோமினா நேற்று மேசைக்கு அடியிலும் சக்கரங்களின் இடுக்கிலும் தேடி அந்த மணிகளைப் பொறுக்கி, ஸ்பிரிட்டில் கழுவி, பரிசோதனைக்கு மாதிரி அனுப்பும் பிளாஸ்டிக் குப்பி ஒன்றில் போட்டு வைத்திருக்கிறார்.

"இத எங்க வைக்கட்டும் சார்?"

"நோயாளியின் உடைமை. ஒட்டி, பெயர் எழுதி, வீட்டுக்கு அனுப்பும் நாளில் உறவினரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்."

"நீங்களே குடுத்தா நல்லாயிருக்கும் சார்."

ஏன் என்று கேட்டேன். குப்பியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அறுவைக்குப் பின் நோயாளியை ஒருமுறை சென்று பார்ப்பது மயக்கவியல் மருத்துவரின் கடமை. இன்று பணி மிகுதி. பயிற்சி மருத்துவரை அனுப்பினேன். தாயும் சேயும் நலம் என்று குறிப்பு வந்தது.

ஜனவரி 27, திங்கள்

கஸ்தூரி இன்று வீடு திரும்பினார். அது எளிதாக நடக்கவில்லை.

காலையில் அவர் கணவர் என் அறைக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியான உடல், தோளில் கட்டம்போட்ட துண்டு. வந்தவுடன் தரையில் விழுந்து கும்பிட்டார்.

"உசுரக் குடுத்தீங்க சாமி. ஒண்ணு இல்ல, ரெண்டு உசுரு."

எழுந்திருக்கச் சொன்னேன். மடியிலிருந்து ஒரு பவழ நிறச் சரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இரவெல்லாம் வார்டு வாசலில் உட்கார்ந்து கோத்ததாகச் சொன்னார். அரசு ஊழியன் அன்பளிப்புப் பெறலாகாது என்று விளக்கித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

"கலெக்டர்னு எப்படிப் பேரு வந்துச்சு?" என்று வார்டு உதவியாளர் சிரித்தபடி கேட்டார்.

"எங்கம்மாவுக்கு வலி எடுக்கயில கலெக்டரு ஜீப்பு போச்சாம். நல்லவேள, பன்னி எதுவும் குறுக்க வரல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் குப்பியை எடுத்து நீட்டினேன்.

"இதை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்."

குப்பியின் உள்ளே பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிற்று.

"இத ஆரு சாமி வெட்டுனது?"

"நான்தான். அவசரம்."

"அவசரம்னா சரி. உசுருதான் பெருசு. ஆனா இத நான் உதிரியா வாங்கக் கூடாது சாமி."

"காரணம்?"

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "கூடாது சாமி. இங்க வெச்சு சொல்ற பேச்சு இல்ல அது."

காரணம் கூறாத மறுப்பை எந்த அலுவலகமும் ஏற்க இயலாது. உடைமையைப் பெற்றுக்கொள்ளாமல் நோயாளியை விடுவிக்கும் சீட்டு தர முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். மதிய உணவுக்குப் பின்னும் அங்கேயே இருந்தார்கள். படுக்கைக்கு வேறொரு நோயாளி காத்திருந்தார். வெயிலில் குழந்தை வீறிட்டது. கடைசியில் அவரே வந்தார். தோள் துண்டை எடுத்து இரு கையாலும் விரித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அரங்கிலிருந்து வந்தபடியே, முகக்கவசத்தோடு, குப்பியை அதில் கவிழ்த்தேன். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் பதித்தார்.

வார்டு வாசல் பெஞ்சில் அமர்ந்திருந்த கஸ்தூரி, அதைப் பார்த்ததும் ஏனோ சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அருகே செல்லவில்லை.

விவகாரம் முடிந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

மாற்றுக் கத்தரிக்கோல் கேட்டு எழுதினேன். பழையது கூர்மையாகவே இருப்பதாகப் பிலோமினா சொல்கிறார்.

பிப்ரவரி 3, திங்கள்

பிலோமினாவின் வீடு மேட்டுக் காலனிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பாசி விற்கும் பெண்கள் மூலம் அறிந்ததாக இன்று பஞ்சுச் சுருள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவங்க வகையில அந்தக் கருமணிதான் சார் தாலி. மத்த வகைக்காரங்களுக்கு எப்படியோ, இவங்களுக்கு இப்படி. கட்டிக்கப்போறவனே உக்காந்து கோக்கணும். வேற யாரும் கோக்கக் கூடாது. அவன் செத்தா சரத்த அறுத்து, மணிய உதிரியா அவன் துண்டுல கொட்டி அவனோட சேத்துப் புதைச்சிருவாங்களாம்."

பஞ்சுச் சுருள் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"உசுரோட இருக்கறவன் தன் துண்டுலயே வாங்கிட்டா, அவளப் பொறுத்தவரைக்கும் அவன் செத்தவன் சார். இப்ப அவ தனியாப் படுதா கட்டிக் கைப்பிள்ளையோட இருக்கா. அவன் எதிர்ப்பக்கம் இருக்கான். அவ பொங்கறத அவன் திங்கக் கூடாது. புள்ளையத் தூக்கணும்னா யாராவது நடுவுல வாங்கிக் குடுக்கறாங்க."

"இதற்குப் பரிகாரம் ஏதும் இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்காம். அறுத்தவரே வந்து உக்காரணும். புருஷன் நூலோட ஒரு முனையப் புடிச்சுக்குவான். அறுத்தவர் மறுமுனையில ஒவ்வொரு மணியாக் கோத்துக் குடுக்கணும். பங்குனி அமாவாசை வரைக்கும் பாப்பாங்க. அன்னைக்குப் பெரியவங்க கூடுவாங்க. அதுக்கப்பறம் எல்லாரும் திருவிழா வியாபாரத்துக்குக் கிளம்பிடுவாங்க. அந்த நாள் போச்சுன்னா உறவு முறிஞ்சுதாம். அவன் வேற கட்டிக்கலாம், அவளும் வேற பாத்துக்கலாம்."

"சிஸ்டர், அது தாலி என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் பஞ்சை அடுக்குவதை நிறுத்தவில்லை. "அன்னைக்குக் காலையில பித்தப்பை அம்மாவுக்கு பிளாஸ்டர் போட்டுத் தாலிய நெஞ்சோட ஒட்டினோம் சார்."

"அது தங்கம். பார்த்த மாத்திரத்தில் தெரியும்."

"ஆமா சார்" என்றார்.

ஏழாம் விதிக்கு அந்த ஒரு சலுகையைப் பல ஆண்டுகளாக நான் வழங்கிவருகிறேன் என்பதை இங்கே பதிய வேண்டியிருக்கிறது. பலகையில் அது இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

மக்கள் குறைதீர் கூட்டத்தில் என்மீது மனு அளிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் கண்காணிப்பாளர் அழைத்துச் சொன்னார்; சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு.

"கலெக்டருக்குக் கலெக்டர் மனு குடுத்திருக்காருய்யா. மேல படிச்சா சிரிப்பு வரல. நீங்க ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க. விசாரணைன்னு ஒண்ணு நடக்கும், கண்துடைப்புக்கு. அது முடியற வரைக்கும் அந்தப் பக்கம் தல வெச்சும் படுக்காதீங்க. போய் உக்காந்தீங்கன்னா தப்ப ஒத்துக்கிட்டாருன்னு எழுதிருவான்."

முறையான அறிவுரை.

பிப்ரவரி 13, வியாழன்

விளக்கத்தை எழுதி முடித்தேன். இரு பக்கங்கள். ஏழாம் விதியை மேற்கோள் காட்டி, தொப்புள்கொடி நழுவிய நிலையில் ஒவ்வொரு கணமும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும் என்பதை நிறுவி, 'நோயாளி கூறியதாகச் சொல்லப்படுவது எனக்குப் பரிச்சயமில்லாத மொழியில் இருந்தமையால் அதன் பொருளை அறிய வாய்ப்பில்லை' என்று முடித்தேன்.

வசுமதி படித்தாள். பள்ளியில் தமிழாசிரியை, எப்போதும் பிழை பார்ப்பாள்.

"ஒற்றுப்பிழைகூட இல்ல" என்றாள்.

"அப்படியானால் சரி."

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப என் தாலிய ஒட்டினது யாரு?"

"நான்தான்."

"ஒட்டிட்டு ரெண்டு தடவ தொட்டுப் பாத்தீங்க. விலகிடக் கூடாதுன்னு. எனக்கு மருந்து ஏறிட்டு இருந்துச்சு, ஆனா தெரிஞ்சுது."

"அது அவசர சிகிச்சை அல்ல. நேரம் இருந்தது."

"வீட்டுக்கு அனுப்பின அன்னைக்குக்கூடவா நேரமில்ல?"

சாம்பாருக்குப் புளி கரைக்க வேண்டும் என்று எழுந்து போனாள். இவளிடம் குப்பியைக் குறித்துச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மின்கட்டணம் செலுத்தினேன். மாடித் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது. ஆள் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, புதன்

பணி முடிந்து வெளியே வந்தபோது ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் கலெக்டர் காத்திருந்தார். தோளில் துண்டு இல்லை.

"மனு நான் போடல சாமி. எங்க சங்கத்துப் பசங்க எழுதிட்டு வெரலு வெய்யின்னாங்க. வெச்சேன். வேணாம்னா வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வேண்டாம். விசாரணை நடப்பதுதான் முறை."

"முறை அதுபாட்டுக்கு நடக்கட்டும். நீங்க ஒரு பொழுது வந்துட்டுப் போங்க சாமி. பெருசா ஒண்ணுமில்ல. பாய் போட்டிருப்பேன். ஒரு முனைய நான் புடிச்சுக்குவேன். மணி கோக்கறது சின்னப் புள்ளைகூடச் செய்யும். நீங்க வயித்தத் தெச்சவரு."

"வயிற்றைத் தைத்தவர் வேறு டாக்டர். நான் மயக்க மருந்து கொடுப்பவன்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. எங்க பெருசுங்க நாலு பேரு தொணதொணன்னு பேசிட்டே இருப்பாங்க, அவங்களுக்கு ஒரு ஊசி போட்டுட்டுக் கோக்கலாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"விசாரணை முடிவதற்கு முன் நான் வந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதுவார்கள்."

"கருதுனா என்ன சாமி ஆகும்?"

"என் பணிப் பதிவில் கறை விழும்."

அவர் அதை உண்மையாகவே யோசித்தார். "அந்தக் கறைய அப்பறம் அழிக்க முடியாதா?"

"முடியாது."

"எங்களுக்கும் அதேதான் சாமி."

ஸ்கூட்டரின் இருக்கையில் படிந்திருந்த தூசியைத் தம் உள்ளங்கையால் துடைத்துவிட்டார். பிறகு சொன்னார்: "கஸ்தூரி உங்க மூஞ்சியப் பாக்கல. துணி கட்டியிருந்தீங்களாம். கண்ண மட்டுந்தான் பாத்துச்சாம். கெட்ட கண்ணு இல்ல, வருவாருங்குது. பையனுக்குப் பேரு வெச்சாச்சு சாமி. டாக்டரு. அன்னைக்கே, கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டே வெச்சுட்டேன்."

அமாவாசை எந்தக் கிழமை என்று கேட்டேன். சனிக்கிழமை என்றார். கேட்டிருக்க வேண்டியதில்லை.

மார்ச் 17, திங்கள்

வசுமதியின் தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்து நூல் கோத்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் தளர்ந்திருந்தது. மூன்றாம் முறைதான் நூல் நுழைந்தது. மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

எந்தச் சட்டையில் பொத்தான் தளர்ந்தது என்று வசுமதி கேட்டாள். பெட்டியில் கடுகைப் போல ஏதோ உருள்கிறது என்றும், நேற்று மளிகைக்குப் போனபோது கடைவீதியில் பாசிமணிப் பொட்டலம் வாங்கினீர்களா என்றும் கேட்டாள்.

மார்ச் 24, திங்கள்

விசாரணைக்கு இன்று அழைத்தார்கள். ஒரு மணி நேரம். கேட்டவர் இளைஞர், மரியாதையானவர். நோயாளி கடைசியாகச் சொன்னது என்ன என்று கேட்டார். விளக்கத்தில் உள்ளபடி என்றேன். மேலும் சொல்ல ஏதேனும் உண்டா என்றார். இல்லை என்றேன்.

அன்றைய தினத்தை நான் பலமுறை நினைவில் நடத்திப் பார்த்துவிட்டேன். கழுத்திலிருந்த சரத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டே குழாயைச் செலுத்தியிருக்க முடியும். பிளாஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காலையில் பாதி உபயோகித்த அதே சுருள்.

மார்ச் 28, வெள்ளி

உத்தரவு அடுத்த வாரம் வந்துவிடும் என்று கண்காணிப்பாளர் சொல்கிறார். "ஜெயிச்ச கேஸு. ரெண்டு நாள் பொறுங்க."

சாப்பிடும்போது வசுமதி சொன்னாள்: "நாளைக்கு அமாவாசை."

"தெரியும். வாழைக்காய் வாங்கிவிட்டேன்."

"நான் வாழைக்காயச் சொல்லல."

மார்ச் 29, சனி

அமாவாசை. விடுப்பு எடுக்கவில்லை. மருந்துக் கிடங்கின் கையிருப்பைச் சரிபார்த்தேன். அடுத்த மாதம் செய்தாலும் போதுமான வேலை, ஆயினும் செய்தேன். மாலையில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் நிரப்பினேன். பெட்ரோல் நிலையம் மேட்டுக் காலனிப் பக்கம்தான் இருக்கிறது. காலனியின் வளைவு வரை சென்று திரும்பினேன். வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

உத்தரவு வந்தது. 'மருத்துவரின் செயல் விதிமுறைக்கு உட்பட்டதே எனத் தெரிய வருவதால் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது.' கண்காணிப்பாளர் இனிப்பு வாங்கி வரச் செய்தார். பிலோமினா தமக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இப்போது தடையேதும் இல்லையாதலால் மேட்டுக் காலனிக்குச் சென்றேன். மூன்று நாய்கள் மட்டும் இருந்தன. படுதாக்களை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மூங்கில் கழிகள் நட்டபடி நின்றன. எதிரெதிராக இரண்டு அடுப்புகள், நடுவே இருபதடி வெற்றிடம். தரையைப் பெருக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

முக்கிலிருந்த பெட்டிக்கடைக்காரர் சொன்னார்: "உத்திரத்துக்குப் பழனி போயிட்டாங்க சார். அப்பறம் ஆளுக்கொரு பக்கம். எப்ப வருவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. ஏன், எதையாவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

இல்லை என்றேன். வீடு திரும்பி, சட்டைப் பையிலிருந்த நூல்கண்டைத் தையல் பெட்டியில் வைத்தேன்.

மே 12, திங்கள்

ஏழாம் விதியின் வாசகத்தைத் திருத்த முயன்றேன். 'தாலி நீங்கலாக' என்று சேர்த்தால் தாலி எது என்று விளக்க வேண்டியிருக்கிறது. 'எப்பொருளால் ஆனதாயினும்' என்று எழுதி அடித்தேன். 'நோயாளியைக் கேட்டறிந்து' என்று எழுதினேன். அதன்பின் பேனாவை மூடிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

வசுமதியின் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. திரும்பும் வழியில் மணப்பாறைப் பேருந்து நிலையத்தில் வண்டி மாற வேண்டும். முறுக்கு வாங்க வசுமதி கடைப் பக்கம் போனாள். நான் பைகளுடன் நிழலில் நின்றேன்.

"டேய் டாக்டரு, அத வாயில வெக்காத."

திரும்பினேன். தூணோரம் ஒரு பெண் துணி விரித்து உட்கார்ந்திருந்தாள். ஊசி, சீப்பு, கொண்டை ஊசி, வண்ண வண்ணமாகப் பாசிச் சரங்கள். மடியில் தவழும் பருவத்தை நெருங்கும் ஆண் குழந்தை, கையில் கட்டிய மணியைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் சிவப்பும் மஞ்சளும் இருந்தன, கறுப்பு இல்லை.

முகக்கவசமின்றி அவள் என்னை அறிந்துகொள்ள வழியில்லை. ஆகவே அருகில் சென்றேன்.

"வாங்க சாமி. வீட்டம்மாவுக்கு என்ன கலரு?"

"கருமணி இருக்கிறதா?" என் வாயிலிருந்து ஏன் அது வந்தது என்று தெரியவில்லை.

"கருப்பு விக்கிறதில்ல சாமி. செவப்பு பாருங்க. மாம்பழக் கலரு பாருங்க. உங்க நிறத்துக்கு உங்க வீட்டம்மா செவப்பாத்தான் இருப்பாங்க, பச்சை எடுப்பா இருக்கும்."

சிவப்பை எடுத்தேன். "குழந்தையின் பெயர் டாக்டரா?"

"ஆமா சாமி. அப்பன் கலெக்டரு, புள்ள டாக்டரு. நான் ஒருத்திதான் வேலவெட்டி இல்லாதவ." சிரித்தாள். பல்வரிசை நேர்த்தியானது.

"அவன் அப்பா எங்கே?"

"குண்டூர்ப் பக்கம். அங்க ஒருத்திக்குக் கோத்துக் கட்டியாச்சுன்னு சேதி வந்துச்சு. தப்பு ஒண்ணுமில்ல சாமி, முறைதான். நான் இங்க அண்ணங்காரன் கூட இருக்கேன்."

பேருந்து ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு நுழைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். குழந்தை என் பையின் வாரைப் பிடித்து இழுத்தது. நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சரத்தை முடிச்சிடுவதை நிறுத்தியிருந்தாள். கண்ணாடியை அணிந்துகொண்டேன்.

அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

"அமாவாச அன்னைக்கு விடியாமயே வந்து உக்காந்துட்டான் சாமி. பாயில. நூலோட ஒரு முனைய வெரல்ல சுத்திப் புடிச்சுக்கிட்டு. மறுமுனை தரையில கெடந்துச்சு. சோறு வேணாம்னுட்டான். தண்ணிகூட எழுந்து போய்க் குடிக்கல. எழுந்தா நூலு விட்டுப்போவும்ல. நான் எதிர்ல உக்காந்திருந்தேன், பேசக் கூடாது. சாயங்காலமா ஒரு வண்டிச் சத்தம் கேட்டுச்சு. நிமிந்து பாத்தான். வளைவு வரைக்கும் வந்துச்சு. திரும்பிப் போயிருச்சு. இருட்டுன பொறவு பெரியவங்க வந்து வெரல்லேருந்து நூலப் பிரிச்சு எடுத்தாங்க. வெரலு நீலம் பாரிச்சுப் போச்சு."

வண்டி யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற வாக்கியம் தோன்றியது. நல்ல வேளையாக அதைச் சொல்லவில்லை.

"அந்த மணிகள்?"

இடுப்பில் செருகியிருந்த முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். கட்டம்போட்ட துண்டின் மூலை. "அவன் போவயில விட்டுட்டுப் போயிட்டான். பொதைக்கவும் முடியாது, ஆளு உசுரோட இருக்கான். கோக்கவும் முடியாது. வெச்சிருக்கேன்." பிறகு கேட்டாள்: "சாமி அந்த ஆஸ்பத்திரி ஊர்ப் பக்கமா?"

"ஆமாம்."

"அந்த டாக்டரப் பாத்தா ஒண்ணு சொல்லுங்க. என் பாஷ வெளங்கலன்னு எழுதிக் குடுத்தாராம், சங்கத்துப் பசங்க படிச்சுக் காட்டுனாங்க. நான் தமிழ்லதான் சொன்னேன்னு சொல்லுங்க. தாலி சாமி, தாலின்னு. ரெண்டு வாட்டி. அவரு கையப் புடிச்சேன். கை நின்னுச்சு சாமி. நின்னுட்டு, அப்பறந்தான் வெட்டுச்சு."

குரலில் கோபம் இல்லை. முகவரி சொல்வதைப் போலச் சொன்னாள்.

"சொல்கிறேன்" என்றேன்.

"சொல்லுங்க. மறந்துறாதீங்க." சிவப்புச் சரத்தைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினாள். என் கையில் வைக்காமல் துணியின்மேல் வைத்தாள். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

பேருந்தில் வசுமதி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "யாரு அந்தப் பொண்ணு? நீங்க வந்து ஏறின பொறவும் உங்களையே பாத்துட்டு நின்னா, புள்ளையத் தூக்கி வெச்சுக்கிட்டு."

"பாசி விற்பவள்."

அவள் சரத்தை அணிந்துகொள்ளவில்லை. ஊர் வரும்வரை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

அரங்கில் மூன்று பேர். மூவரும் நலம். வாசலில் இருந்த பலகையைக் கழற்றி என் அறையில் வைத்திருக்கிறேன். புதிய வாசகம் அமையவில்லை.

கஸ்தூரி சொல்லியனுப்பிய செய்தி உரியவரிடம் சேர்ந்தது. அது அவருக்கு முன்பே தெரியும்.